தாளம் ஆடாத கணினி எது? சீக்வென்சருக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபேட், தனிப்பெட்டி

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு மாடியறையில்தான் ஒலிப்பதிவு செய்கிறேன். கல்யாண இசைக்குழுக்கள், கோயில் பக்திப் பாடல்கள், எப்போதாவது ராப் பாடும் பையன்கள் என்று ஆள் மாறி ஆள் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, புது லேப்டாப் வாங்கப் போறேன். மேக் வாங்கினா டைமிங் சரியாயிடுமா?"

கடைசியாகக் கேட்டவர் கிள்ளான் பக்கத்து இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் தம்பி. சுரங்களை வரிசையாக வைத்து ஓட்டும் சீக்வென்சர் மென்பொருள் இருப்பது விண்டோஸ் மடிக்கணினியில். அங்கிருந்து மிடி கம்பி (ஒலியை அல்ல, எந்தச் சுரத்தை அடி என்ற கட்டளையைக் கொண்டுபோவது) வழியாக, சுரத்தை ஒலியாக்கும் ஒரு பழைய சவுண்ட் மாடியூலுக்கும் ஒரு ரிதம் மெஷினுக்கும் சுரங்கள் போகின்றன. வீட்டில் மென்பொருள் வாத்தியங்களை ஹெட்போனில் போட்டுக் கேட்டால் கச்சிதமாக இருக்கிறது. மண்டபத்தில் போட்டால் மாடியூலும் ரிதம் மெஷினும் ஒன்றையொன்று துரத்துகின்றன. சீட்டுக் கட்டிய கூட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு வண்டியை விடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

அவர் கேள்வியிலேயே பாதிப் பதில் இருந்தது. அதே கணினி, அதே பாட்டு. ஹெட்போனில் சரி, வெளிப்பெட்டியில் தப்பு. சுரம் கணினிக்குள்ளேயே இருக்கும்வரை எந்தக் கணினியும் தாளம் தப்புவதில்லை. கணினியின் எல்லையைத் தாண்டும்போதுதான் விண்டோஸ், மேக் என்ற பேச்சுக்கே வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தாமதம் என்பது விசையை அழுத்தியதிலிருந்து ஒலி கேட்கும்வரை ஆகும் நேரம். ஆட்டம் என்பது அந்தத் தாமதம் சுரத்துக்குச் சுரம் மாறுவது. கடைக்காரர்கள் பேசுவது முன்னதைப் பற்றி, தாளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னது.

நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் தவில்காரரின் அடி உங்கள் காதுக்கு வர 9 மில்லிவிநாடி ஆகிறது. அதற்காக யாரும் அவரோடு சண்டை போடுவதில்லை. தாமதம் ஒரே அளவில் நின்றால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு அடி 2 மில்லிவிநாடியிலும் அடுத்தது 11-லும் அதற்கடுத்தது 5-லும் வந்தால் கைக்குப் பிடிமானமே இருக்காது. உறுமி மேளத்திலும் அடிகள் கட்டத்துக்குள் உட்காருவதில்லையே என்று கேட்கலாம். உட்காருவதில்லைதான். ஆனால் அந்த விலகலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அடிப்பவர் ஒரே அடியை ஒரே மாதிரி பின்தள்ளிக்கொண்டே போவார், அதில்தான் நம்மை எழுந்து ஆட வைக்கும் குணம் இருக்கிறது. கணினியின் ஆட்டத்தில் அந்த ஒழுங்கு கிடையாது.

இதையும் சேர்த்து நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்:

- சுரம் வெளியே போகும்போது எவ்வளவு ஆட்டம்
- நீங்கள் வாசிப்பது உள்ளே வரும்போது அது எந்த இடத்தில் பதிவாகிறது
- ரிதம் மெஷின் போன்ற வெளிப்பெட்டியோடு ஒத்திசைவு எப்படி
- விலைச்சீட்டில் இல்லாத செலவு
- மேடையில் கெட்டால் என்ன கதி

## உள்ளேயே முடிந்துவிட்டால் எல்லாம் ஒன்றே

மென்பொருள் வாத்தியங்களை மட்டும் வைத்து வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சம் உங்களுக்குத் தேவைப்படாது.

சீக்வென்சர் ஒலியைத் துண்டு துண்டாகத் தயாரிக்கிறது. அந்தத் துண்டுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 சாம்பிளாக நறுக்கும்போது, 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு துண்டுக்கு 5.3 மில்லிவிநாடி. ஒரு துண்டுக்குள் நான்கு சுரங்கள் விழுந்தால், ஒவ்வொன்றும் எத்தனையாவது சாம்பிளில் தொடங்க வேண்டும் என்ற எண்ணும் விஎஸ்டி எனப்படும் மென்பொருள் வாத்தியத்துக்குச் சேர்த்தே தரப்படுகிறது. கடிகாரத்தைப் பார்த்து அடிக்கும் வேலையே இதில் இல்லை, வெறும் எண்ணிக்கைதான். ஆகவே விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் சுரம் அதே சாம்பிளில் விழும். பாட்டை ஒலிக்கோப்பாகப் பவுன்ஸ் செய்து எடுத்தாலும் அப்படியே. கணினி திணறினால் ஒலி வெட்டும், படபடக்கும். தாளம் மட்டும் நகராது.

இதற்கு விலக்கு கணினியில் இல்லை, வாத்தியத்தில் இருக்கலாம். சில பழைய விஎஸ்டிகள் அந்த எண்ணைப் பார்க்காமல் துண்டின் தொடக்கத்திலேயே சுரத்தைப் போட்டுவிடும். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 1,024 என்றால் சுரம் 23 மில்லிவிநாடி வரை முன்னால் வந்து விழலாம். பஃபரைக் குறைத்தால் சரியாகிறதா என்று பாருங்கள். சரியானால் தவறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று கட்டத்தின் நுணுக்கம், அதாவது சீக்வென்சர் ஒரு சுரத்தை எத்தனை துணுக்காகப் பிரிக்கிறது என்பது. எஃப்எல் ஸ்டுடியோ என்ற சீக்வென்சர் புதுக் கோப்பைத் திறக்கும்போது கால் சுரத்துக்கு 96 துணுக்கு என்று வைத்திருக்கும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு துணுக்கு 5.2 மில்லிவிநாடி. லாஜிக், ரீப்பர் என்ற மற்ற இரண்டு சீக்வென்சர்களும் வைத்திருப்பது 960, அதாவது அரை மில்லிவிநாடி. கையால் வாசித்ததை எஃப்எல்லில் பதிந்துவிட்டு "மேக்கில் ஃபீல் வேற மாதிரி இருக்கு" என்று சொன்ன பையனுக்கு நான் செய்ததெல்லாம் 96-ஐ 960 ஆக்கியதுதான். அதற்கு ஒரு காசும் ஆகவில்லை.

## கம்பிக்கே ஒரு வேகம் இருக்கிறது

கணினியைத் திட்டுவதற்கு முன்னால் கம்பியைப் பாருங்கள். 1983-இல் வந்த மிடி தரத்தின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்ந்து பத்து பிட், ஆக 320 மைக்ரோவிநாடி. ஒரு சுரத்துக்கு மூன்று பைட் என்றால் கிட்டத்தட்ட ஒரு மில்லிவிநாடி.

பல்லவி தொடங்கும் முதல் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். கிக், ஹை-ஹாட், பேஸ், ஸ்ட்ரிங்ஸில் ஐந்து சுரம், பிராஸில் நான்கு. மொத்தம் பன்னிரண்டு. ஒரே கம்பியில் போனால் முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் நடுவே பதினொரு மில்லிவிநாடி. கிக் கடைசியில் மாட்டிக்கொண்டால் தாளம் தள்ளாடும். எந்த நிறுவனத்தின் கணினி வாங்கினாலும் இது மாறாது. தாள வாத்தியத்துக்குத் தனிக் கம்பி, அல்லது பல சீக்வென்சர்கள் தடங்களை மேலிருந்து வரிசையாக அனுப்புவதால் தாளத் தடத்தை மேலே ஏற்றுவது, இதுதான் வழி. பழைய ஆட்கள் இதைச் சொல்லாமலே செய்துவிடுவார்கள். புதியவர்களுக்கு ஒரு யுஎஸ்பி கம்பி, ஒரு மிடி வாய் (போர்ட்), அதில் பதினாறு சேனல்.

## விண்டோஸ்

எல்லாரிடமும் இருப்பது இதுதான், அதிகம் ஏச்சு வாங்குவதும் இதுதான். ஏச்சில் பாதி நியாயம்.

விண்டோஸின் பழைய மிடி வழியில் மென்பொருள் ஒரு சுரத்தை அனுப்பும்போது அதோடு நேரக்குறி எதுவும் போகாது. "இதை இப்போதே அனுப்பு" என்பது மட்டும்தான் கட்டளை. அந்த "இப்போது" வரும்போது சீக்வென்சரே விழித்திருந்து தள்ளிவிட வேண்டும். விண்டோஸின் இயல்பான கடிகாரத் துடிப்பு 15.6 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. இசை மென்பொருள்கள் அதை 1 மில்லிவிநாடிக்கு இறக்கிக்கொள்கின்றன. அப்படியும் அந்த நேரத்தில் வேறு ஏதாவது டிரைவர் செயலியைப் பிடித்து வைத்திருந்தால் சுரம் காத்திருக்கத்தான் வேண்டும். வைஃபை, பேட்டரி, கிராபிக்ஸ் ஆகிய மூன்றின் டிரைவர்கள்தான் வழக்கமான கள்ளர்கள். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் யார் பிடித்து வைக்கிறார்கள் என்று பெயரோடு காட்டிவிடும்.

உள்ளே வரும் வழியில், கியூபேஸ் என்ற சீக்வென்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் மிடிக்கு 'சிஸ்டம் டைம்ஸ்டாம்ப்' என்றொரு தெரிவு அதில் உண்டு. நீங்கள் வாசித்த சுரங்கள் எல்லாம் ஒரே அளவுக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளிப் பதிவாகின்றன என்றால், உங்கள் கையைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்தத் தெரிவை மாற்றிப் பாருங்கள்.

மறைசெலவு நிறைய. ஒலியைக் கணினிக்கு உள்ளேயும் வெளியேயும் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கட்டாயம், அதற்குத் தாமதத்தைக் குறைக்கும் நல்ல ஏசியோ டிரைவரும் இருக்க வேண்டும். மடிக்கணினியில் மின்சேமிப்பு இன்னொரு தொல்லை. பத்துமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் மழை நேரத்தில் மின்சாரம் டிரிப்பானது. ஸ்பீக்கர்கள் ஜெனரேட்டரில் திரும்ப உயிர் பெற்றன. மடிக்கணினி அணையவே இல்லை, பேட்டரி காப்பாற்றியது. ஆனால் சார்ஜர் செருகியிருந்த வரிசைக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கணினி சத்தமில்லாமல் சேமிப்பு முறைக்குப் போய்விட்டது. அடுத்த பாட்டிலிருந்து வெளி மாடியூல் நொண்டியது. பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பவர் பிளானை, பேட்டரியில் ஓடும்போதும் சேர்த்து, முழு வேகத்தில் வையுங்கள். யுஎஸ்பியைத் தூங்கவிடும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10-இல் இருப்பவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 14-ஓடு அதன் பொது ஆதரவு முடிந்தது. இணையத்தைத் தொடாத, மேடைக்கு மட்டும் எடுத்துப்போகும் கணினி என்றால் அவசரமில்லை. வீட்டில் அதே கணினியில் வங்கிக் கணக்கும் பார்க்கிறீர்கள் என்றால் கதை வேறு.

யாருக்கு நல்லது: மென்பொருள் வாத்தியம் மட்டும் வைத்திருப்பவருக்கு, பழுதானால் அன்றே லோயாட்டில் உதிரி கிடைக்க வேண்டும் என்பவருக்கு, ஏற்கெனவே நல்ல விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்கு.

## மேக்

மேக்கின் கோர் மிடியில் கட்டளையே வேறு. "இந்தச் சுரத்தை இந்த நேரத்துக்கு அனுப்பு" என்று நேரக்குறியோடு முன்கூட்டியே ஒப்படைத்துவிடலாம். அந்த நேரம் வரும்போது அனுப்புவது இயங்குதளத்தின் பொறுப்பு. பாட்டு நடுவே சீக்வென்சர் திரையில் படம் வரைந்துகொண்டிருந்தாலும் சுரம் அதன் நேரத்தில் கிளம்பும். உள்ளே வருவதற்கும் அப்படியே, வந்த கணமே குறி விழுந்துவிடும். மென்பொருள் இந்த வசதியை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. வெளிப்பெட்டிகள் நிறைய வைத்திருப்பவர்கள் மேக்கைப் புகழ்வதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். அந்தப் பழத்துக்கு மந்திரம் எதுவும் தெரியாது.

ஆனால் நேரக்குறி கணினியின் வாசல்வரைதான். அங்கிருந்து யுஎஸ்பி. யுஎஸ்பியை மிடி வாயாக மாற்றும் சாதாரண மிடி இன்டர்ஃபேஸ் பேசும் வேகத்தில், ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு தரவுத் தட்டு (ஃபிரேம்) போகும். மலிவான இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் சில்லு திணறினால் மேக்கால் ஒன்றும் செய்ய முடியாது. விலையுயர்ந்த மேக்கில் பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) மிடி கம்பியைச் செருகிவிட்டு வித்தியாசமே இல்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்?

செலவைப் பார்த்தால், லாஜிக் 199.99 அமெரிக்க டாலர், ஒரு முறை கொடுத்தால் போதும். 2002-இல் ஆப்பிள் எமாஜிக்கை வாங்கி லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியதிலிருந்து அது ஆப்பிள் கருவிகளை விட்டு வெளியே வரவில்லை. நாளைக்கு மனம் மாறி விண்டோஸுக்குத் திரும்பினால் பழைய கோப்புகள் கூட வராது. நினைவகம் பலகையிலேயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது. ஆண்டுதோறும் வரும் புதிய மேக்ஓஎஸ்ஸுக்கு உடனே மாறினால் இன்டர்ஃபேஸ் டிரைவர் பின்தங்கி நிற்கும். தைப்பூச சீசனுக்கு முன்னால் அப்டேட் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கும் ஐபேடுகளுக்கும் குறித்திருக்கும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 பாகை. பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் பகல் இரண்டு மணிக்குத் தகரப் பந்தலின் கீழே அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. விசிறி இல்லாத மேக்புக் ஏர் சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யாருக்கு நல்லது: இரண்டுக்கு மேல் வெளிப்பெட்டி வைத்திருந்து, எல்லாவற்றையும் கணினியிலிருந்தே ஓட்டுபவருக்கு. அமைப்புகளை நோண்டப் பொறுமை இல்லாதவருக்கும்தான்.

## லினக்ஸ்

கொள்கை அளவில் மூன்றிலும் அழகான ஏற்பாடு இதில். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் சீக்வென்சர், இயங்குதளத்தின் மையமான கருனலுக்குள்ளேயே வரிசை வைத்து, நேரம் பார்த்துச் சுரத்தை விடுகிறது. நேரம் தவறாமல் ஓட வைக்கும் நிகழ்நேரத் திட்டுகள் (பேட்ச்) பல ஆண்டு வெளியே அலைந்து, 2024-இல் வந்த 6.12 கருனலில் முதன்மைக் கிளையிலேயே சேர்ந்துவிட்டன. ஆர்டர், ரீப்பர், பிட்விக் ஆகிய சீக்வென்சர்கள் மூன்றும் ஓடும். பழைய மடிக்கணினி ஒன்றில் நன்றாக அமைத்தால் வெளிச்சுர ஆட்டத்தில் மேக்கோடு போட்டி போடும்.

நான் இரண்டு வருடம் இதில் குடியிருந்தேன். திரும்பி வந்ததற்குக் காரணம் தாளம் இல்லை, மிருதங்கம். நம் வாத்தியங்களை வாசித்துப் பதிந்த நல்ல சாம்பிள் தொகுப்புகள் பலவும் கான்டாக்ட் என்ற மென்பொருளுக்காகச் செய்யப்பட்டவை. கான்டாக்ட் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் வருகிறது. விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓடவைக்கும் இடைப்பாலம் போட்டு ஓட்டலாம், நானும் ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை அப்டேட்டுக்குப் பிறகு பாலம் விழுந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு. லினக்ஸின் விலை வெள்ளியில் இல்லை, இரவுகளில்.

யாருக்கு நல்லது: வெளிப்பெட்டிகளை ஓட்டுவது மட்டும் வேலை, சாம்பிள் தொகுப்பு வேண்டாம், முனையத்தில் நாலு வரி தட்ட அஞ்சாதவர் என்றால் தயங்காமல் போடலாம்.

## ஐபேடும் ஆண்ட்ராய்டும்

ஐபேடுக்குள்ளும் அதே கோர் மிடிதான். நேரக்குறி வசதி அப்படியே இருக்கிறது. சீக்வென்சர்களில் கராஜ்பேண்ட் இலவசம், கியூபேசிஸ் உண்டு. 2023-இல் வந்த லாஜிக்கின் ஐபேட் பதிப்பு மட்டும் வாங்கிப் போடும் கணக்கில்லை, சந்தா. மேடையில் ஒரு கீபோர்டுக்கு மேல் சாய்த்து வைக்க இதைவிட வசதியானது இல்லை. சார்ஜரும் இன்டர்ஃபேஸும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் ஹப் வேண்டும், அது நல்ல ஹப்பாகவும் இருக்க வேண்டும். வெயில் விஷயத்தை மேலேயே சொல்லிவிட்டேன். ஐபேட் வேகத்தைக் குறைப்பதோடு நிற்காது, ரொம்பச் சூடானால் எச்சரிக்கைப் படம் காட்டி நின்றே போகும்.

ஆண்ட்ராய்டில் 2015-இல் 6.0 பதிப்போடு மிடி வந்தது. கருவிக்குக் கருவி ஒலித் தாமதம் மாறுவதால் மெட்டுக் குறித்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

புளூடூத் பற்றி ஒரு வார்த்தை. புளூடூத் மிடியில் இரண்டு கருவிகளும் பேசிக்கொள்வது 7.5 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அல்லது அதைவிட மெதுவாக. நடுவில் வாசித்ததெல்லாம் மூட்டையாகக் கட்டி வரும். மெதுவான பாட்டுக்கு ஒத்துப்போகும், குத்துப் பாட்டுக்கு வேண்டாம். புளூடூத் ஹெட்போனில் தாமதம் சர்வசாதாரணமாக நூறு மில்லிவிநாடியைத் தாண்டும். அதை மாட்டிக்கொண்டு "லேட்டன்சி" என்று புகார் சொன்னால் தே தாரிக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

## தனிப்பெட்டியும் பழைய அட்டாரியும்

1985-இல் வந்த அட்டாரி எஸ்டியின் முதுகிலேயே மிடி வாய்கள் இருந்தன. செயலி 8 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் மிடி சில்லு செயலியோடு நேரடியாகப் பேசியது, நடுவில் யுஎஸ்பி இல்லை, டிரைவர் அடுக்கு இல்லை, பின்னால் வேறு நிரலும் ஓடவில்லை. 1989-இல் கியூபேஸ் முதலில் வந்தது அதில்தான். அதன் உறுதியான தாளத்தைப் பற்றி மூத்த இசையமைப்பாளர்கள் பேசுவது வெறும் ஏக்கப் பேச்சு அல்ல. ஆனால் 2020-களில் ஃபிளாப்பியையும் பழைய மானிட்டரையும் நம் ஊர் ஈரப்பதத்தில் காப்பாற்றுவது தனித் தொழில். சேகரிப்பவர்கள் வாங்கட்டும்.

இன்றைக்கு அதே குணம் வேண்டுமென்றால் எம்பிசி மாதிரியான தனிச் சீக்வென்சர் பெட்டி. ஒரே வேலைக்கென்று கட்டியது, அப்டேட் கேட்காது, மின்சாரம் போய் வந்தாலும் சட்டென்று எழும். இப்போதைய எம்பிசி பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்பது வேடிக்கை. தலைவலியை அவர்களே பட்டுவிட்டார்கள், நமக்குப் பொத்தான் மட்டும். குறை என்னவென்றால் பாட்டைத் திருத்துவது சின்னத் திரையில். கல்யாண வீட்டில் "சுருதியைக் கொஞ்சம் இறக்குங்க" என்று பாடகி கடைசி நிமிடத்தில் சொன்னால் அதன் மெனுக்கள் உங்களுக்குக் கைப்பாடமாக இருக்க வேண்டும். உதிரி இல்லை, மாற்று இல்லை. கெட்டால் அன்றைய கச்சேரி கைத்தாளத்தில்தான்.

## ஒரே பார்வையில்

| | விண்டோஸ் | மேக் | லினக்ஸ் | ஐபேட் | தனிப்பெட்டி |
|---|---|---|---|---|---|
| கணினிக்குள் துல்லியம் | சாம்பிள் பிசகாது | அதே | அதே | அதே | நன்று |
| வெளியே போகும் சுரம் | டிரைவரைப் பொறுத்தது | நன்று | அமைத்தால் நன்று | நன்று | மிக நன்று |
| வாசித்துப் பதிவது | ஏசியோ இருந்தால் நன்று | நன்று | நன்று | நன்று | நன்று |
| மறைசெலவு | இன்டர்ஃபேஸ், சீரமைப்பு | நினைவகம், அப்டேட் தொல்லை | உங்கள் நேரம் | ஹப், சந்தா | பழகும் காலம் |
| நம் வாத்தியச் சாம்பிள்கள் | நிறைய | நிறைய | குறைவு | குறைவு | குறைவு |
| வெயில், மேடை | பேட்டரி முறையைக் கவனி | சூடு | கணினியைப் பொறுத்தது | சூடு அதிகம் | தாங்கும் |
| அவசர உதிரி | எளிது | ஓரளவு | எளிது | ஓரளவு | கடினம் |

ஒத்திசைவை அட்டவணையில் சேர்க்கவில்லை, ஏனென்றால் ஒரு சொல்லில் அடங்காது. மிடி கடிகாரம் கால் சுரத்துக்கு 24 துடிப்பு அனுப்பும். 120 வேகத்தில் 20.8 மில்லிவிநாடிக்கு ஒன்று. துடிப்பு ஆடினால் ரிதம் மெஷின் தன் வேகத்தையே விநாடிக்கு விநாடி திருத்திக்கொண்டு திண்டாடும். இதில் மேக்கும் தப்பிப்பதில்லை. உறுதியான தீர்வு கடிகாரத்தை ஒலியாகவே அனுப்புவது. சீக்வென்சரில் ஒரு துடிப்புத் தடம் வைத்து, அதை ஆடியோ இன்டர்ஃபேஸின் ஒரு வாய் வழியாக வெளியே எடுத்தால் அது சாம்பிள் பிசகாமல் போகும். அதை மிடி கடிகாரமாக மாற்றித் தர ஈ-ஆர்எம் மல்டிகிளாக், எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் யூசாமோ போன்ற பெட்டிகள் உள்ளன. விண்டோஸ் கணினியோடு இப்படி ஒரு பெட்டி சேர்ந்தால், ஒத்திசைவில் வெறும் மேக்கை அது வென்றுவிடும்.

## வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஒரு மாலை போதும். சீக்வென்சரில் 120 வேகத்தில் பதினாறாம் சுரங்களாக இரண்டு நிமிடம் ஒரே ரிம்ஷாட்டைப் போடுங்கள். மிடி வழியாக அது வெளி மாடியூலை அடிக்கட்டும். மாடியூலின் ஒலியை அதே சீக்வென்சரில் 48,000 ஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒரு பதினாறாம் சுரம் 125 மில்லிவிநாடி, அதாவது சரியாக 6,000 சாம்பிள். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அடிக்கு அடி இடைவெளியை எண்ணுங்கள். ஒன்று 5,900, அடுத்தது 6,100 என்று வந்தால் 2 மில்லிவிநாடி ஆட்டம். அது பொறுக்கத்தக்கது. ஒன்று 5,600, இன்னொன்று 6,400 என்று வந்தால் 8 மில்லிவிநாடி. அது காதில் விழும். முதல் அடி மொத்தமாகத் தள்ளி வந்திருந்தால் அது தாமதம், ஒரு எண்ணைப் போட்டு ஈடுகட்டிவிடலாம்.

பிறகு அதே சோதனையை நண்பரின் மேக்கில், அதே மாடியூல், அதே இன்டர்ஃபேஸ், அதே மென்பொருள் வைத்துச் செய்யுங்கள். ரீப்பர் மூன்று இயங்குதளத்திலும் ஓடும், 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தள்ளுபடி உரிமம் 60 டாலர். மாடியூலுக்கும் சொந்த ஆட்டம் உண்டு என்பதால் இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

அந்தத் தம்பியின் மடிக்கணினியை என் மேசையில் வைத்து இதைத்தான் செய்தோம். முதல் சுற்றில் இடைவெளிகள் 6,000-ஐச் சுற்றித் தாறுமாறாக ஓடின. வைஃபையை அணைத்தோம், பவர் பிளானை மாற்றினோம், ஒரு மலிவு ஹப்பில் தொங்கிய இன்டர்ஃபேஸைக் கணினியிலேயே நேராகச் செருகினோம். அலைகள் அடங்கின. அப்புறம் அவருடைய பாட்டையே போட்டோம். பல்லவியின் முதல் அடியில் மட்டும் இன்னும் இழுவை. திறந்து பார்த்தால் பதினாறு சேனலும் ஒரே கம்பியில், தாளத் தடம் கடைசியில். இரண்டு வாய் உள்ள நல்ல மிடி இன்டர்ஃபேஸ் வாங்கச் சொன்னேன். கூட்டுப் பணத்தில் அதற்கு ஒரு சின்னப் பங்குதான் போயிற்று. மேக் ஆசை இன்னும் விடவில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார். பார்க்கட்டும், அவர் வைத்திருக்கும் பெட்டிகளுக்கு அது தப்பான ஆசை இல்லை.

ரிதம் மெஷினின் கடிகாரத்தை அன்றைக்கு அளக்க நேரமில்லை. சனிக்கிழமை ரவாங்கில் கல்யாணம், அதற்கு முன்னால் ஒலிக் கம்பியும் கையுமாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.